பருத்திப் பணம் யார் பெயருக்குப் போனது? அமெரிக்க மானியமும் பெயர்ப் பட்டியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறது என்ற பேச்சு நூற்பாலைக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் அடிபடும். எவ்வளவு கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, அது நமக்கு எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி விழுந்ததும் பேச்சு தடுமாறும். அப்படி என்னிடம் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒற்றைப் பத்தி. விஷயம் இருக்கும் அளவுக்குத்தான் எழுத்து.

அமெரிக்காவில் பருத்தி எங்கே விளைகிறது? மானியம் வாங்குகிறவர்கள் யார்?

டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரைச் சுற்றியுள்ள உயர்சமவெளி, மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வண்டல் சமவெளி, ஜார்ஜியா, ஆர்கன்சா, கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு ஆகியவை முக்கியமான பகுதிகள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நாடு முழுவதும் பருத்தி விவசாயிகள் ஏறத்தாழ 25,000 பேர்தான் இருந்தார்கள். 2001-02 பருவத்தில் அவர்களுக்கான அரசு ஆதரவு 390 கோடி டாலர் என்று ஆக்ஸ்ஃபாம் என்ற வறுமை ஒழிப்புத் தொண்டு அமைப்பு 2002-இல் கணக்குக் காட்டியது. நம் ஊரில் ஒரு வட்டத்தில் இருக்கும் விவசாயிகளின் எண்ணிக்கைக்கு ஒரு தேசத்தின் ஆண்டு வருமானம். இது வெறும் உவமை இல்லை. அந்தத் தொகை பருத்தியை நம்பி வாழும் புர்கினா ஃபாசோவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட அதிகம் என்று அதே அறிக்கை சொன்னது.

ஒரு பேல் பஞ்சுக்கு ஒரு விவசாயிக்கு எவ்வளவு கிடைத்தது?

அமெரிக்காவின் 2002-ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தின் எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். பவுண்டு என்றால் இங்கே எடை. சுமார் 454 கிராம். அமெரிக்க பேல், அதாவது பஞ்சுப் பொதி, 480 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 218 கிலோ. நம் பேல் 170 கிலோ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பஞ்சுக்கு ஓர் இலக்கு விலை வைத்தது: பவுண்டுக்கு 72.4 சென்ட். உலகச் சந்தை விலையை அமெரிக்க வேளாண்துறை தன் கணக்குப்படி சரிக்கட்டி வாரந்தோறும் வியாழக்கிழமை அறிவிக்கும். அது 40 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சை அடகு வைத்தால் அரசு பவுண்டுக்கு 52 சென்ட் என்ற விலையில் கடன் தரும். ஆகவே இடைவெளியான 12 சென்ட்டை அரசு கொடுக்கும். அடுத்தது நேரடிப் பணம், 6.67 சென்ட், விலை ஏறினாலும் இறங்கினாலும் இது உண்டு. மூன்றாவது, விலை வீழ்ச்சிக்கான ஈடு. அது அதிகபட்சம் 13.73 சென்ட். இப்போது கூட்டுங்கள்: 40, 12, 6.67, 13.73. மொத்தம் 72.4. பைசா பிசகாமல் இலக்கு விலையில் வந்து நிற்கிறது.

கடைசி இரண்டும் நிலத்தின் பழைய சாகுபடிக் கணக்கில் 85 சதவீதத்துக்கு மட்டுமே உண்டு. அதையும் கழித்துவிட்டால், பழைய கணக்கும் இன்றைய விளைச்சலும் ஒத்துப்போகும் ஒருவருக்கு, ஒரு பேலுக்குச் சந்தையிலிருந்து 192 டாலர், அரசிடமிருந்து 140 டாலருக்குக் கொஞ்சம் மேல். விலை விழுந்தால் விதைப்பைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுமா? தோன்றாது. உலக வர்த்தக அமைப்பில் பிரேசில் தொடுத்த வழக்கில் (பின்னால் வருகிறது) வாதாடியதன் சாரமும் இதுதான்.

பழைய சாகுபடிக் கணக்கு என்றால்?

முன்பு எத்தனை ஏக்கரில் பருத்தி போட்டிருந்தார் என்ற பதிவு. அந்தப் பதிவு நிலத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். இந்த ஆண்டு அங்கே சோளம் போட்டாலும், ஒன்றுமே போடாவிட்டாலும், பருத்திக் கணக்கில் பணம் வரும். 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதைத் தோண்டியது: 2000-க்குப் பிறகு விவசாயமே செய்யாதவர்களுக்கு, எல்லாப் பயிர்களின் கணக்கிலும் சேர்த்து, 130 கோடி டாலராவது போயிருக்கிறது என்று எழுதியது. வயலாக இருந்து வீட்டுமனையாகிப்போன இடங்களுக்கும் பணம் போனது. எவரும் சட்டத்தை மீறவில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது.

பெயர்கள் முதலில் எப்படி வெளியே வந்தன?

பருத்தியால்தான் வந்தன என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1966-இலிருந்து தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. அதில் ஒரு விலக்கு உண்டு: தனிமனிதரின் அந்தரங்கத்தில் வெளிப்படையாகவே நியாயமற்ற ஊடுருவலாக அமையும் தகவலைத் தர வேண்டியதில்லை. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், பருத்தி விலை ஆதரவுத் திட்டத்தில் பணம் பெற்றவர்களின் பட்டியலைக் கேட்டது. கொடுத்தால் அவர்களின் வருமானம் தெரிந்துவிடும் என்று வேளாண்துறை மறுத்தது. வழக்கு வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது.

1996-இல் தீர்ப்பு வந்தது. விவசாயிக்கு இந்தத் தகவலில் அந்தரங்க உரிமை கொஞ்சம் இருக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் பொதுப்பணம் யாருக்கு எப்படிப் பிரிகிறது என்று அறியும் பொதுநலன் அதைவிடக் கனமானது என்றது. இன்று எந்தப் பயிருக்கான பட்டியல் வெளியே கிடந்தாலும் அதன் அடியில் இந்தப் பருத்தித் தீர்ப்பு இருக்கிறது.

மானியம் வாங்கியவர்களின் பெயரைத் தேடிப் பார்க்கும் பெரிய இணையத் தரவுத்தளம் யாருடையது?

சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தனியார் அமைப்புடையது. வாஷிங்டனில் 1993-இல் தொடங்கியது. கென் குக் அதன் நிறுவனர்களில் ஒருவர். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அரசின் பணப்பட்டுவாடாப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, 2001 நவம்பரில் தேடக்கூடிய வடிவத்தில் வெளியிட்டது. 2002 சட்டம் விவாதத்தில் இருந்த நேரம் அது. நேரம் பார்த்துத்தான் செய்தார்கள்.

மாநிலம், மாவட்டம், அஞ்சல் குறியீடு, பெயர் என்று எதைத் தட்டினாலும் வரும். நான் முதன்முதலில் பார்த்தபோது லபக் மாவட்டத்தைத் தட்டினேன். கூட்டுத்தொகையைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது நம் ஊர் ரேஷன் கடைப் பட்டியல்போல ஒரு நீண்ட வரிசை: வரிசை எண், பெயர், ஊர், டாலர். பெரிய தொகை மேலே, சிறியது கீழே. முதல் பக்கத்தில் இருந்ததற்கும் கடைசிப் பக்கத்தில் இருந்ததற்கும் இடையில் எத்தனை பூஜ்யங்கள் குறைந்தன என்று எண்ணினாலே போதும், எந்தப் பொருளாதார அறிக்கையும் தேவைப்படவில்லை.

மொத்தத் தொகை தெரிந்தால் போதாதா? பெயர் எதற்கு?

போதாது. மொத்தத் தொகை அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் எப்போதும் இருந்தது. அதைப் பார்த்து யாரும் அதிரவில்லை. மொத்தம் மட்டும் தெரிந்தவரை, இந்தப் பணம் சிறு குடும்பப் பண்ணைகளைக் காப்பாற்றுகிறது என்று எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் மேடையில் சொல்லலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொகை வந்த பிறகுதான், பெறுவோரில் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினர் பயிர் மானியத்தில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று கணக்குப் போட முடிந்தது. கணக்கு வந்த பிறகு பேச்சும் மாறியது. 2002 பிப்ரவரியில், ஒருவருக்கான உச்சவரம்பை 2,75,000 டாலராகக் குறைக்கும் டார்கன்–கிராஸ்லி திருத்தத்தை செனட் 66-க்கு 31 என்ற வாக்கில் ஏற்றது. இறுதிச் சட்டத்தில் அது 3,60,000 ஆக வீங்கிவிட்டது. அது வேறு கதை.

விவசாயிகளுக்குக் கோபம் வரவில்லையா?

வராமல் இருக்குமா? பக்கத்துப் பண்ணைக்காரர் எவ்வளவு வாங்கினார் என்பது ஊர்க் காப்பிக் கடையில் அலசப்படும் என்று தெரிந்தால் யாருக்கும் கூசும். அவர்கள் பக்கத்தில் நியாயமான வாதம் ஒன்று இருக்கிறது: பட்டியலில் தெரிவது வரவு மட்டும். டீசல், உரம், பூச்சிமருந்து, இயந்திரத் தவணை, கொட்டை பிரிக்கும் ஜின்னிங் கூலி எதுவும் அதில் வராது. ஆறு இலக்கத் தொகை வாங்கியும் நட்டத்தில் முடித்தவர் உண்டு.

இருந்தாலும் எனக்கு இந்த வாதம் பாதிதான் ஒத்துக்கொள்கிறது. செலவு தெரியாததால் பட்டியல் தவறாகத் தோன்றலாம் என்றால், அதற்கு மருந்து இன்னும் கொஞ்சம் தகவல். பட்டியலை மூடுவது எப்படி மருந்தாகும்?

பட்டியலில் ஆள் பெயருக்குப் பதிலாகக் கம்பெனிப் பெயர்கள் வருகின்றனவே?

இதுதான் இந்த விஷயத்தின் மையம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். மனைவி பெயர், மைத்துனர் பெயர், அறக்கட்டளை பெயர் என்று நிலம் பிரிந்தது, உழுதவர் ஒருவர்தான். அமெரிக்கப் பருத்தி நாட்டிலும் அதே வித்தை. ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தால், அந்த ஒருவர் தன் பெயரில் ஒரு பங்கும், வேறு இரண்டு நிறுவனங்களில் பாதிப் பாதியும் வைத்து, வரம்பை இரட்டிப்பாக்கலாம். மூன்று நிறுவன விதி என்று அதற்குப் பெயரே இருந்தது. பெரிய பண்ணைகள் கிளைக்கு மேல் கிளையாகக் கூட்டாண்மைகளையும் கம்பெனிகளையும் தொங்கவிட்டுக் காகிதத்தில் வரைந்தால், அந்தப் படம் அலங்கரித்த மரம்போல இருக்கும். அதனால் மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம் என்ற பட்டப்பெயர் வந்தது. நம் ஊரில் பினாமி என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே பெரும்பாலும் இது சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது.

கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று வேளாண்துறை தொடர்ந்து பதிய வேண்டும் என்று 2002 சட்டத்தின் 1614-ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பதிவுகளை வாங்கி 2007-இல் சுற்றுச்சூழல் பணிக்குழு தன் தரவுத்தளத்தைப் புதுப்பித்தபோது, அதுவரை நிறுவனங்களின் பின்னால் இருந்த 3,58,000 பேரின் பெயர்கள் புதிதாக வெளியே வந்தன.

அதே 2007-இல் அரசின் தணிக்கை அலுவலகம் வேறொரு அறிக்கை கொடுத்தது. 1999 முதல் 2005 வரை இறந்துபோன 1,72,801 பேரின் பெயரில் 110 கோடி டாலர் பட்டுவாடாவாகியிருந்தது. இறந்தவரின் சொத்து பாகம் பிரியும்வரை கொஞ்ச காலம் பணம் வாங்க விதியில் இடம் உண்டு; ஆகவே அத்தனையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யார் உயிரோடு இருக்கிறார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே துறையிடம் சரியாக இல்லை என்று அந்த அறிக்கை குறை சொன்னது.

அடுத்த ஆண்டு, 2008-இல், புதிய சட்டம் வந்தது. ஒரு கையால் கொடுத்தது: மூன்று நிறுவன விதியை எடுத்துவிட்டு, எந்த வழியாகப் போனாலும் பணம் கடைசியில் எந்த மனிதரிடம் சேர்கிறதோ அவர் கணக்கில் வைக்க வேண்டும் என்றது. மறுகையால் எடுத்தது: முழுப் பதிவுகளைத் தொகுக்க 'வேண்டும்' என்றிருந்ததைத் தொகுக்க 'லாம்' என்று மாற்றியது. இரண்டு ஆண்டு கழித்து, செலவாகிறது என்று காரணம் சொல்லி வேளாண்துறை அந்தத் தொகுப்பை நிறுத்திக்கொண்டது. ஒரு விகுதியை மாற்றியே கதவைச் சாத்தலாம் என்று கற்றுக்கொடுத்த சட்டம் அது.

உச்சவரம்பைத் தாண்ட வேறு வழி இருந்ததா?

இருந்தது. அரசுக் கடனை ரொக்கமாகத் திருப்பாமல், சரக்குச் சான்றிதழ் என்ற காகிதத்தை வாங்கி அடைக்கலாம். அந்த வழியில் வரும் லாபம், அதாவது கடன் விலைக்கும் சந்தை விலைக்குமான இடைவெளி, வரம்பில் சேராது. பருத்திக்காரர்களும் நெல்காரர்களும் அதிகம் பயன்படுத்திய வழி. இடையில் மறைந்து, 2015 டிசம்பரில் மீண்டும் வந்தது.

பருத்தி மானியம் எல்லாம் விவசாயிக்கே போனதா?

இல்லை. 'இரண்டாம் படி' என்று ஒரு திட்டம் இருந்தது. 1990 சட்டத்தில் பிறந்தது. அமெரிக்கப் பஞ்சு விலை உலக விலையைவிட அதிகமாக இருந்தால், அதை வாங்கும் உள்நாட்டு ஆலைக்கும் ஏற்றுமதி வியாபாரிக்கும் அரசு வித்தியாசத்தைக் கொடுக்கும். பருத்தி விவசாயி மானியம் என்ற தலைப்பில் கணக்கு எழுதப்பட்டாலும் காசோலை போனது பெரும் வணிக நிறுவனங்களுக்கு. வெளிநாட்டு நூற்பாலைக்கு அமெரிக்கப் பஞ்சு மலிவாக வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. உலக வர்த்தக அமைப்பில் தடைசெய்யப்பட்ட மானியம் என்று முதலில் அடிபட்டதும் இதுவே. 2006 ஆகஸ்ட் 1 முதல் நின்றுபோனது.

பிரேசில் வழக்கு என்ன?

பிரேசில் வேளாண் அமைச்சகத்தில் இருந்த பெத்ரோ டி காமர்கோ நேட்டோ உந்தித் தள்ளிய வழக்கு. 2002 செப்டம்பரில் பிரேசில் புகார் கொடுத்தது. 1999 முதல் 2002 வரையிலான பருவங்களில் அமெரிக்கா விளைவித்த பருத்தியின் மதிப்பு சுமார் 1,400 கோடி டாலர். அதற்கு அரசு கொடுத்தது சுமார் 1,250 கோடி. ஒரு டாலர் பஞ்சுக்கு 89 சென்ட்டுக்கு மேல் அரசுப் பணம் என்பது பிரேசிலின் கணக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பொருளாதாரப் பேராசிரியர் டேனியல் சம்னர் பிரேசில் தரப்புக்காக மாதிரி போட்டுக் காட்டினார்: இந்த மானியங்கள் இல்லாதிருந்தால் உலக விலை 12 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கும். சொந்த நாட்டுப் பண்ணை அமைப்புகளிடம் அதற்காக நிறைய வசவு வாங்கினார்.

2004-இல் நடுவர் குழுவும், 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பும் பிரேசில் பக்கம் தீர்ப்பளித்தன.

வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசுகிறவர்களுக்கு வழக்கின் நடுவில் ஒரு காட்சி முக்கியம். பழைய கணக்கின்படி பணம் வாங்குகிறவர்கள் உண்மையில் இன்று பருத்திதான் போடுகிறார்களா என்பதை நிறுவ, பண்ணைவாரியான பதிவு வேண்டியிருந்தது. அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று அமெரிக்கா முதலில் தர மறுத்தது. பிறகு தந்தபோது பண்ணை எண்களைக் கலைத்துப்போட்டுத் தந்தது. ஒரு கோப்பில் இருக்கும் பண்ணை மற்றொரு கோப்பில் எது என்று பொருத்த வழியில்லை. சீட்டுக்கட்டைக் குலுக்கிவிட்டு, எல்லாச் சீட்டும் இருக்கிறதே, எண்ணிப் பாருங்கள் என்பதுபோல. தகவல் கொடுத்தாயிற்று, அதிலிருந்து தெரிந்துகொள்ளத்தான் ஒன்றும் இல்லை.

பிரேசில் ஜெயித்த பிறகு மானியம் நின்றதா?

உடனே நிற்கவில்லை. 2009-இல் பதில் நடவடிக்கைக்கு அனுமதி கிடைத்தது. 2010-க்கு அதன் அளவு சுமார் 82.9 கோடி டாலர். 102 அமெரிக்கப் பொருள்களின் மேல் வரி ஏற்றப் போவதாகப் பிரேசில் பட்டியல் போட்டது. காப்புரிமைகளையும் விட்டுவைக்க மாட்டோம் என்றது. அதற்குப் பிறகே வாஷிங்டன் இறங்கி வந்தது. வந்த விதம்தான் விசித்திரம்: பிரேசில் பருத்தி நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. அதாவது தன் பருத்தி விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்தை விடாமல் வைத்துக்கொள்வதற்காக, போட்டி நாட்டுப் பருத்திக்காரர்களுக்கும் அமெரிக்க வரிப்பணம் போனது. 2013 இறுதியில் அது நின்றது. 2014 அக்டோபரில் ஒரே தவணையாக 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

ஆப்பிரிக்க நாடுகளுக்கு என்ன கிடைத்தது?

பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கும் 2003-இல் பருத்திக்காகத் தனி முறையீடு வைத்தன. உலக வர்த்தக அமைப்பின் கான்கூன் மாநாட்டில் அது பெரிய விவகாரம் ஆனது. பேச்சுவார்த்தைகள், பணிக்குழுக்கள், 2019 முதல் அக்டோபர் 7 அன்று உலகப் பருத்தி நாள். பிரேசிலிடம் வரி ஏற்றி மிரட்டும் பலம் இருந்தது, இவர்களிடம் இல்லை. பிரேசிலுக்குப் போனதுபோல ஈட்டுப் பணமும் வரவில்லை.

2014-க்குப் பிறகு பருத்தி மானியம் காப்பீடாக மாறியது என்கிறார்களே?

வழக்கின் விளைவாக 2014 சட்டம் பஞ்சை வழக்கமான விலை ஆதரவுத் திட்டங்களிலிருந்து எடுத்தது. அதற்கு மாற்றாகப் பருத்திக்கென்று தனியாக ஒரு வருமானக் காப்பீடு வந்தது. பிரீமியத்தில் 80 சதவீதத்தை அரசு கட்டும். வழக்கமான பயிர்க் காப்பீட்டில் அரசின் பங்கு சராசரியாக 60 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். இது அதற்கும் மேல்.

காப்பீடு நல்லதுதானே, எதற்கு முகம் சுளிக்கிறாய் என்று கேட்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன். பயிர்க் காப்பீட்டுப் பிரீமிய மானியத்துக்கு ஆள்வாரி உச்சவரம்பு கிடையாது. அதைவிட முக்கியமானது, 2000-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் காப்பீடு வாங்கிய விவசாயியின் தனி விவரங்களை அரசு வெளியிடத் தடை இருக்கிறது. மாவட்டக் கூட்டுத்தொகை கிடைக்கும், பெயர் கிடைக்காது. 1996 தீர்ப்பு காசோலைக்குத் திறந்த கதவு காப்பீட்டுக்குத் திறக்காது. பெயரை மறைப்பதற்காகவே காப்பீட்டுக்கு மாறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உலக வர்த்தக விதிகள் தந்த நெருக்கடி மெய்யானது. ஆனாலும் பட்டியல் வெளியான பிறகு பருத்திப் பணம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். வெளிச்சம் விழாத பக்கம்தான்.

பஞ்சு பிறகு திரும்பி வந்துவிட்டதாமே?

பஞ்சு வரவில்லை, பருத்தி வந்தது! தமிழில் இந்த வேறுபாட்டை ஒரு சொல்லில் காட்டிவிடலாம். செடியிலிருந்து எடுப்பது பருத்தி, ஜின்னிங் ஆலையில் கொட்டையைப் பிரித்த பின் கிடைப்பது பஞ்சு. 2014-இல் வெளியே போனது பஞ்சு. 2018 பிப்ரவரியில் நாடாளுமன்றம் கொட்டையோடு கூடிய பருத்தியை ஆதரவுப் பட்டியலில் சேர்த்து, பவுண்டுக்கு 36.7 சென்ட் என்று விலை வைத்தது. அதே வயல், அதே செடி, அதே விவசாயி; சட்டத்துக்கு மட்டும் புதிய பயிர். 2025 ஜூலைச் சட்டம் அந்த விலையை 42 சென்ட்டாகவும், ஆள்வாரி உச்சவரம்பை 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆகவும் உயர்த்தியது. இந்தப் பணம் காசோலை வகை என்பதால் பெயர் தெரியும். அந்த அளவுக்கு நல்லதே.

ஐரோப்பாவிலும் பெயர் வெளியிடுகிறார்களா?

அங்கே பருத்தி கிரேக்கத்திலும் ஸ்பெயினிலும், கொஞ்சம் பல்கேரியாவிலும் உண்டு. 2009 முதல் எல்லா உறுப்பு நாடுகளும் பெயரோடு வெளியிட்டன. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்து விவசாயிகள் வழக்குப் போட, தனிமனிதர் பெயர்களை இப்படி வேறுபாடின்றி வெளியிடுவது அளவுமீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு விதியைத் திருத்தி, 1,250 யூரோவுக்குக் கீழே வாங்கும் சிறியவர்களின் பெயரை மறைத்து, மற்றவர்களின் பெயரை வெளியிட்டார்கள். எனக்கு இந்த நடுவழி பிடித்திருக்கிறது.

இந்தியாவில் இப்படி ஒரு பட்டியல் பார்க்க முடியுமா?

சட்டம் நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் நாளிதழ் நீதிமன்றம் ஏறி வாங்கியது நம் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டத்தின் இணையதளத்தில் கிராமவாரியாகப் பயனாளி பட்டியல் பார்க்கலாம். உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், தெரிந்த பெயர்கள் வரும்.

பருத்திக்கு நம் ஆதரவு வேறு மாதிரி. 2025-26 பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் ஆதார விலை. சந்தை அதற்குக் கீழே போனால் இந்தியப் பருத்திக் கழகம் வாங்கி, வங்கிக் கணக்கில் பணம் போடும். இது உலக அரங்கில் நம்மையும் கூண்டில் ஏற்றியிருக்கிறது: 2018 நவம்பரில் இதே அமெரிக்கா, இந்தியா பருத்திக்குக் கொடுக்கும் விலை ஆதரவைக் குறைத்துக் காட்டுகிறது என்று உலக வர்த்தக அமைப்பில் எதிர்க் கணக்குத் தாக்கல் செய்தது. பிரேசிலிடம் கலைத்துப்போட்ட கோப்பைக் கொடுத்தவர்கள் நம்மிடம் கணக்குக் கேட்டார்கள். சிரிப்பு வந்தாலும், கேட்ட கேள்வி கேள்விதான்.

கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற வடிவத்துக்குச் சுருக்கியது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் 1996-இல் எடைபோட்ட அதே தராசு, நம் அலுவலர் ஒருவரின் மேசையில் இனி அடிக்கடி வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட பட்டியலை வாசிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஆண்டு. பருத்தி விலை விழுந்த ஆண்டில் தொகை பெருக்கும், ஏறிய ஆண்டில் வற்றும். ஒரே ஆண்டை வைத்து ஒருவரைக் கொழுத்தவர் என்று முடிவுகட்டக் கூடாது. அடுத்து, மிகப் பெரிய தொகைக்கு எதிரே கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் இருந்தால், அதன் பின்னே ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் இருக்கலாம். அதே தொகைக்கு எதிரே குடும்பக் கூட்டாண்மை இருந்தால் ஐந்தாறு பேராக இருக்கலாம். ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஏறக்குறைய ஒரே தொகை என்று வரிசையாக நான்கு வரிகள் வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். பிறகு ஊர்ப் பெயரைப் பாருங்கள். பண்ணை டெக்சாஸில் இருக்கும், காசோலை போன முகவரி ஏதாவது ஒரு மாநகரத்தின் அஞ்சல் குறியீட்டில் இருக்கும். அந்த மாநகரக் குறியீட்டைத் தனியாகத் தட்டிப் பாருங்கள். பருத்திச் செடி ஒன்றுகூட இல்லாத தெருக்களுக்குப் பருத்திப் பணம் வந்த வரிகள் அங்கே இருக்கின்றன.